அம்மா தெருவைக் கடந்த நாள்

அம்மா கொழும்புக்கு வந்தது என்னைப் பார்க்க அல்ல, கையோடு கூட்டிக்கொண்டு போக. பொரளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் டிக்கோயாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள் முழுக்க என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. பட்டணத்தில் தனியாக இருக்கிற பெண்பிள்ளை என்றால் லயத்தில் வாய்க்கு நல்ல அவல். விடுதி அறைக்குள் வந்ததும் அம்மா, கட்டிலுக்கு அடியில் இருந்த என் தகரப் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

“நாளைக்கு ஒரு நா பாக்குறேன். ஊரு சரிப்படலன்னா பொட்டியோட கெளம்பிறணும். மூஞ்சத் தூக்கக் கூடாது.”

மூஞ்சியைத் தூக்காமல் இருக்க எனக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நான் பார்த்துக்கொண்ட பறங்கி அம்மையார் ஒருவர், குணமாகிப் போகும்போது அம்மா வரப்போவதைக் கேட்டு, காலிமுகத்திடல் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் எனக்கும் அம்மாவுக்கும் பகல் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசையைக் கண்டால் அம்மா அசந்துபோவாள், பெட்டியை மறந்துவிடுவாள் என்று நம்பினேன்.

மறுநாள் கோட்டைக்குப் போக டிராலி பஸ்ஸில் ஏறினோம். தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ் அது. அம்மா ஜன்னலால் எட்டிக் கம்பியைப் பார்த்தாள்.

“மலையில இருந்து ஃபேக்டரிக்கு கொழுந்து மூட்டைய கம்பியில விடுவாங்கள்ல, அந்த மாதிரி நம்மளயும் விட்டுட்டாய்ங்களா? நல்லவேள, கீழ பள்ளம் இல்ல.”

அவள் சிரித்ததைப் பார்த்து எனக்குத் தெம்பு வந்தது. கோட்டையில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் அது போய்விட்டது. எங்கள் தோட்டத்து ரோட்டில் கார் வந்தால் அது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் காராகத்தான் இருக்கும். அதைக் கண்டதும் ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் இறங்கி, குடையை மடக்கி, கார் போய் மறையும்வரை குனிந்து நிற்க வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகும்போதே கூடப் பழகியது. கோட்டையிலோ கார் ஓய்ந்த நேரமே இல்லை. அம்மா குடையை மடக்கினாள், ஓரமாக நின்றாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாக் கார்லயும் தொர இல்லம்மா!”

“உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்துட்டாடி மடக்க முடியும்?”

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

உள்ளே நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். மடியில் போட்டுக்கொள்ள வெயிட்டர் கொடுத்த வெள்ளைத் துணியை உதறி, கொழுந்து பறிக்கப் போகும்போது படங்குச் சாக்கைக் கட்டுவதுபோல இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். யாராவது வெள்ளைக்காரர் மண்டபத்துக்குள் வந்தால் உடனே எழுந்து நின்றாள். சூப் ஆறியது, மீன் ஆறியது. “உக்காரும்மா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிச் சொல்லி எனக்கும் ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில் தேத்தண்ணி வந்தது. அம்மா சீனிக்கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள்.

“இதுவா நாம பறிக்கிறது?” என்றாள். தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கழித்துக்கட்டிய தூள்தான். அவள் முகம் சுருங்கிவிட்டது.

இடுப்புத் துணியோடு அவள் வாசல்வரை வந்துவிட, வெயிட்டர் பின்னாலேயே ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனான்.

“குடுத்தத ஏன்டி திரும்பக் கேக்குறான்? சாப்பாட்டுல ஒறப்பும் இல்ல, நிம்மதியா உக்காரவும் முடியல. இந்த ஊரு நமக்கு வேணாம். காலையில ரயிலுக்கு ரெண்டு பேரும் கெளம்புவோம்.”

நான் விறுவிறென்று முன்னால் நடந்தேன். நம்பி வந்த ஹோட்டலே என் காலை வாரிவிட்டது.

வரும்போது காவலுக்கு யாரும் இல்லாத சந்தியில் இப்போது ஒரு போலீஸ்காரர் நின்றார். பெரிய கறுப்புக் கார் ஒன்று வருவதைக் கண்டு அம்மா வழக்கம்போல ஓரத்துக்குப் போய்க் குடையை மடக்கினாள். போலீஸ்காரர் கையை உயர்த்தினார். கார் நின்றது. ஓட்டிவந்தவன் நல்ல சிவந்த வெள்ளைக்காரன். அதன் பின்னால் வந்த கார்களும் வரிசையாக நின்றன. அம்மா அசையவில்லை.

“யன்ன அம்மே, யன்ன” என்றார் போலீஸ்காரர். போங்கம்மா என்கிற அந்தச் சிங்களம் அவளுக்கு நன்றாகவே புரியும். மெல்ல ரோட்டில் இறங்கினாள். பாதி தூரம் போனதும் நின்று, காருக்குள் இருந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அங்கேயே, அந்தக் காருக்கு முன்னாலேயே, குடையை விரித்தாள். பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தாள். “அந்தத் தொர எனக்காகவாடி நின்னான்?”

“ஒனக்கும்தான், எனக்கும்தான். இங்க யாரு நடந்தாலும் நிக்கணும்மா.”

அம்மா கடந்து வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். “வா, இன்னொருக்கா போயிட்டு வருவோம்.”

“அந்தப் பக்கம் என்னம்மா வேல?”

“ஒரு வேலயும் இல்ல. வா.”

போனோம், திரும்பியும் வந்தோம். நான் வெட்கப்படாமல் சிரித்தேன். அம்மா குடையை மடக்கவே இல்லை.

மறுநாள் காலை ரயிலில் அவள் தனியாகத்தான் ஏறினாள். என் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ரயில் நகரும்போது ஜன்னலால் தலையை நீட்டினாள்.

“தங்கச்சி பள்ளிக்கூடம் முடிக்கட்டும், அவளையும் அனுப்புறேன். கொடைய மடக்காம நடக்கச் சொல்லிக்குடு.”