பலகையில் கட்டிய ஆதம்பாவாவும் ஒரு கரண்டி சீனியும்

1. ஹோன்

"ஒரு ஆள் றோட்டில விழுந்து கிடக்கிறார். முதல்ல என்ன செய்வீங்க?" என்று முதல் நாள் வகுப்பில் கேட்டேன்.

"ஹோன் அடிப்பன் மிஸ்," என்றான் நௌபர்.

"அவர் எழும்பல்ல."

"மறுகாவும் அடிப்பன்."

அறையிலிருந்த மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அது சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதே வேர்த்துவிட்டது.

நான் கல்முனைப் பக்கம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலம். கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. யுத்தமும் முடியவில்லை. பொழுதுபட்டால் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வயல் பக்கத்து ஊர்களுக்கு அம்புலன்ஸ் போகாது. ஆனால் எந்தச் சந்தியிலும் ஒரு ஆட்டோ நிற்கும். அதனால், நிவாரணத்துக்கு வந்த நிறுவனமொன்று ஆட்டோக்காரர்களுக்கே அவசர சிகிச்சை படிப்பிக்க முடிவெடுத்தது. படிப்பிக்க என்னை அனுப்பினார்கள். நிந்தவூரில் மெயின் றோட்டை ஒட்டிய ஒரு மண்டபத்தில் வகுப்பு.

நௌபர் சம்மாந்துறைக்காரன். நோயாளி ஏறினால் அவன் ஆட்டோ பறக்கும். அவன் இறக்கிவிட்ட ஆட்களை ஆஸ்பத்திரி வாசலில் நான் பார்த்திருக்கிறேன். காலில் காயத்தோடு ஏறியவர் தலையிலும் காயத்தோடு இறங்குவார். ஆனால் இரக்கமுள்ளவன். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவான். பிரச்சினை அவனுடைய வலது கைதான். அது எக்ஸிலேட்டரை விட்டால்தானே வேறெதையும் தொடும்!

"பார், கேள், பிறகு தொடு" என்று பெரிய எழுத்தில் பலகையில் எழுதினேன். "விழுந்தவரை எடுத்த எடுப்பில தூக்கப்படாது. முதல்ல பாக்கணும். பக்கத்தில நிக்கிறவங்களக் கேக்கணும். அதுக்குப் பிறகுதான் கை வைக்கணும்."

"எப்ப மிஸ் ஓட்டுற?" என்று கேட்டான் நௌபர்.

"கடைசியில."

அவன் முகம் செத்துப்போயிற்று.

2. கழுத்து முறிந்தவர்

கழுத்தில் அடிபட்டவரை அசையாமல் தூக்க நீளப் பலகை வேண்டும். நிறுவனம் அனுப்பிய பலகைகள் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தன. ஊரில் மரவேலை செய்யும் ஒரு ஓடாவியைப் பிடித்து, ஓரத்தில் கைப்பிடித் துவாரங்களோடு ஒன்றை அறுத்து இழைத்து எடுத்தோம். அடுத்ததாக, அதில் படுக்க ஒரு நோயாளி தேவைப்பட்டார்.

மண்டபத்துக்கு எதிரே ஹோட்டல் வைத்திருந்த, ஊருக்கே அண்ணனான ஆதம்பாவா காக்கா தானாகவே முன்வந்தார். தாராளமான மனிதர், வயிறும் தாராளம். "என்னத் தூக்கினா ஊரில எவனையும் தூக்குவானுகள் மிஸ்," என்றார். அது உண்மைதான்.

பகல் சோறு முடிந்ததும் வந்து படுத்தார். "உங்களுக்குக் கழுத்து முறிஞ்சிருக்கு. அசையவும் கூடாது, கதைக்கவும் கூடாது, கண்ணைத் திறக்கவும் கூடாது," என்றேன். அவர் மூன்றையும் சிரமமில்லாமல் செய்தார். நாங்கள் சாரன் துண்டுகளால் நெற்றி, நெஞ்சு, இடுப்பு, கால் என்று கட்டி முடிப்பதற்குள் நல்ல நித்திரை.

வெளியே லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் இழுவைப் பெட்டி ஒன்று நின்றது. அதில் ஏற்றிப் பழகுவதாகத் திட்டம். ஆறு பேர் சேர்ந்து தூக்கி, மூச்சு வாங்கி, றோட்டோரம் வரை வந்துவிட்டார்கள். வெயில் முகத்தில் அடித்தது. "நோயாளிட முகத்துக்கு நிழல் குடுங்க," என்று பின்னாலிருந்து சொன்னேன். ஒருவன் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துவாயை எடுத்து முகத்தில் போட்டான்.

சரியாக அந்த நேரம் அக்கரைப்பற்று பஸ் வந்து வேகம் குறைத்தது. யன்னலுக்கு ஒரு தலை.

"ஆருடா அது? ஆதம்பாவாவா?"

முகம் மூடியிருந்தாலும் வயிறு தெரிந்தது. நோயாளியைத் தூக்கும்போது வெட்டிப் பேச்சுப் பேசக்கூடாது என்று காலையில்தான் படிப்பித்திருந்தேன். அதனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னால் பிடித்திருந்த நௌபர் மட்டும், பாரம் தாங்காமல், மெல்லத் தலையை ஆட்டினான்.

பஸ் போயிற்று. அடுத்த தரிப்பில் செய்தி இறங்கியது.

சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அகாலத்தில் அது கரகரத்தால் ஊரில் ஒரு சாவு, மௌத்து என்று அர்த்தம். எனக்கு விளங்கிவிட்டது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பள்ளிவாசல் கேற்றில் ஒரு தமிழ்த் தாதி மூச்சிரைக்க நிற்பதைக் கண்டு, உள்ளே மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்த, பாங்கு சொல்லும் மோதினார் வெளியே வந்தார்.

"ஆதம்பாவா காக்கா மௌத்தாகல்ல! அவர் நித்திரை!"

"நித்திரையிலயா மௌத்து? நல்ல மௌத்து."

"இல்ல ஐயா, வெறும் நித்திரை! குறட்டை விடுறார்!"

மோதினார் உள்ளே போய் மைக்கை நிறுத்திவிட்டு வந்தார். "எனக்குச் சொன்னவன் முகத்த மூடித் தூக்கிப்போறதக் கண்டேன் எண்டானே மிஸ்," என்று முணுமுணுத்தபடி, எதற்கும் கண்ணால் பார்த்துவிடுவோமென்று என்னோடு கூடவே வந்தார்.

3. சீனி

திரும்பி வந்தபோது றோட்டை அடைத்துச் சனம். நடுவில் ஆதம்பாவாவின் குரல்: "அவிட்டு வுடுங்கடா! என்ட பொஞ்சாதிடா!"

நான் பள்ளிவாசலுக்கு ஓடிய இடைவெளியில் அவருடைய மனைவி சுபைதா செய்தி கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறார். வெள்ளைத் துவாயைக் கண்டார், விழுந்தார். அந்தச் சத்தத்தில் ஆதம்பாவா முழித்தார். ஆனால் எழும்ப முடியவில்லை. கழுத்து முறிந்தவரை எப்படிக் கட்டவேண்டுமோ அப்படியே கட்டியிருந்தார்கள்.

சனத்தை விலக்கிக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தேன்; நடப்பதெல்லாம் தோள்களுக்கு இடையால் தெரிந்தது. ஒருவர் சுபைதாவின் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார். இன்னொருவர் நௌபரின் தோளைப் பிடித்து உலுக்கினார்: "என்னடா குந்திக்கிட்டிருக்காய்? தூக்கு, ஓட்டு!"

நௌபர் தூக்கவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தட்டி விலக்கினான். சுபைதாவுக்குப் பக்கத்தில் குந்தி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் ரிஸ்மியா தாயின் கையைப் பிடித்தபடி அழுதாள்.

"தங்கச்சி, அழாத. உம்மாட கை எப்பிடி இரிக்கி?"

"குளிர்ந்து போயிரிக்கி நானா. வேர்த்து வழியிது."

"உம்மாவுக்கு என்ன வருத்தம் இரிக்கி?"

"சீனி வருத்தம்."

"குளிசை போட்டவவா?"

"விடிய முன்ன, சஹர் நேரம் போட்டா. இண்டைக்குச் சுன்னத்து நோன்பு. ஒண்டும் தின்னல்ல."

நௌபர் நிமிர்ந்தான். "ஹோட்டல்ல இருந்து சீனி கொண்டாங்கடா! ஓடு!"

சனம் கொதித்தது.

"சீனி வருத்தக்காரிக்குச் சீனியா? கொல்லப்போறான்!"

"நோன்பாளிடா அவ!"

"இவனுக்கு ஆட்டோவே ஒழுங்கா ஓட்டத் தெரியா!"

பலகையிலிருந்தும் ஒரு குரல்: "என்ட ஹோட்டல்ல கேளாம சீனி எடுக்கிறவன் ஆருடா?"

நான் கிட்டப் போய்ச் சேர்ந்தபோது நௌபர் என்னைக் கண்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. நான் குனிந்து நாடியைப் பார்த்தேன். வேகமாக ஓடியது. கண் அரைவாசி திறந்திருந்தது. கூப்பிட்டால் முனகினார், எச்சிலை விழுங்கினார். குளிசை போட்டு வெறும் வயிற்றோடு வெயிலில் ஓடிய உடம்பு. இரத்தத்தில் சீனி நன்றாக இறங்கிவிட்டது. இன்னும் இறங்கினால் வலிப்பு வரும், அதற்கு மேல் எதுவும் வரலாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை காத்திருப்பதற்கு நேரமில்லை.

"அவன் சொல்றதுதான் சரி," என்றேன். "இப்ப இவவுக்குச் சீனி இல்லாததுதான் வருத்தம்."

நோன்பு என்று யாரோ மறுபடி தொடங்க, மோதினார் கையை உயர்த்தினார். "உசிருக்கு ஆபத்தெண்டா நோன்ப விடலாம். மறுகா ஒரு நாளைக்குப் புடிக்கிற. அங்கால போங்க எல்லாரும்!"

சீனி வந்தது. அந்நிய ஆண் என்பதால் நௌபர் சுபைதாவைத் தொடவில்லை. "தங்கச்சி, நீ செய். உம்மாவச் சரிச்சுப் படுக்க வை. சீனிய விரல்ல தொட்டுக் கன்னத்துக்கு உள்ளால, பல்லு முரசில தேய். கொஞ்சங் கொஞ்சமா." ரிஸ்மியா அவசரத்தில் சீனியை அள்ளினாள். பாதிச் சீனி மண்ணில் கொட்டிற்று. மீதியைத் தேய்த்தாள்.

நாங்கள் காத்திருந்தோம். ஆதம்பாவாகூட வாயை மூடிவிட்டார். முடிச்சுகள் அவிழ மறுத்ததால், மனைவியைப் பார்க்கட்டும் என்று நான்கு பேர் பலகையோடு அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் ஓடியது. துடைக்கக் கை இல்லை.

சுபைதா கண்ணைத் திறந்தார். முதலில் மகளைப் பார்த்தார். பிறகு, பலகையில் கட்டுண்டு நட்டுவைத்த மாதிரி நின்ற கணவரைப் பார்த்தார்.

"மௌத்தான மனிசன் என்னத்துக்கு எழும்பி நிக்கிறார்?" என்றார்.

"நான் நித்திரைகா சுபைதா! அல்லாஹ் மேல ஆணை, நித்திரைதான்!"

"சோத்தத் திண்டுபோட்டு நடு றோட்டிலயா?"

அந்த ஏச்சைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு தெளிவாக ஏசுகிறவருக்கு மூளையில் ஒன்றும் ஆகவில்லை. இனிப்பாக ஒரு தேத்தண்ணி குடிக்க வைத்து, மகளோடு நௌபரின் ஆட்டோவில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். கட்டுகளை வெட்டி நாங்கள் விடுவித்த ஆதம்பாவா முன் சீற்றில் தொற்றிக்கொண்டு, "ஓட்டுடா, ஓட்டுடா!" என்று கத்தினார்.

"காக்கா, ஒருக்கா விழுந்தவவ நான் மறுகாவும் விழுத்தமாட்டன்," என்றான் நௌபர். அன்று எங்களை ஒரு சைக்கிள்காரன் முந்திப் போனான்.

4. வீட்டுச் சாரதிகள்

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டொக்டர் குளிசையைக் குறைத்து, நோன்பு பிடிப்பதென்றால் முன்கூட்டியே வந்து கேட்கச் சொன்னார். சுகமானதும் சுபைதா நேரே எங்கள் மண்டபத்துக்கு வந்தார். கூடவே ரிஸ்மியாவும் அயல் வீட்டுப் பெண்கள் சிலரும்.

"மிஸ், ஆம்பிளையள் கடலுக்கும் வயலுக்கும் போயிருவாங்க. ஆட்டோக்காரனுகள் சந்தியில நிப்பானுகள். ஊட்டுக்குள்ள விழுறவங்கள ஆரு பாக்கிற? எங்களுக்கும் படிப்பியுங்க."

வாகனம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆட்களைத் தெரிவுசெய்திருந்தோம். மனிதர்கள் விழுகிற நேரத்தில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று யோசிக்கவில்லை. பாட்டியும் பிள்ளைத்தாச்சியும் குழந்தையும் விழுவது பெரும்பாலும் குசினியிலும் கிணற்றடியிலும்தான்.

நிறுவனத்தின் கொழும்பு அலுவலருக்குப் போன் எடுத்தேன். "திட்டத்தில் சாரதிகள் என்றுதானே இருக்கிறது?" என்றார்.

"இவங்களும் சாரதிகள்தான் சேர். வீட்டை ஓட்டுறவங்க."

கொஞ்சம் சிரித்தார், பிறகு சம்மதித்தார். பெண்களின் வகுப்பு சுபைதாவின் வீட்டு மண்டபத்தில் நடந்தது. பலகையில் படுக்க ஆதம்பாவா மறுத்துவிட்டார்.

அதன் பிறகு எந்த ஊரில் பயிற்சி தொடங்கினாலும், "இங்கே யாருக்கு ஆபத்து வரும், அப்போது கையெட்டும் தூரத்தில் யார்?" என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன். பாடம், பலகை, பொம்மை எல்லாம் அதற்குப் பிறகு.

யுத்தம் முடிந்த வருடம், மாரி மழையில், சொறிக்கல்முனையிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஏற்றிவர நௌபர் போனான். இப்படியான பயணத்துக்கு ரிஸ்மியா இல்லாமல் அவன் போவதில்லை. பாதி வழியில், வெள்ளம் ஏறிய வயல் றோட்டில், குழந்தைக்கு அவசரம் வந்துவிட்டது. ரிஸ்மியா உள்ளே பிள்ளையை ஏந்தினாள். நௌபர் வெளியே குடையைப் பிடித்தபடி மறுபக்கம் திரும்பி நின்றான்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எனக்குப் போன் எடுத்தான். "மிஸ், ரெண்டு பேரும் சுகம்."

"தாயும் பிள்ளையும்தானே?"

"அவங்க அப்பவே சுகம் மிஸ். நான் சொன்னது என்னையும் ஆட்டோவையும்."