துருக்கிக் கவுனின் உள்பக்கம்

இருநூறு வருடத்துப் பட்டு கிழியும்போது பெரிய சத்தம் எதுவும் வராது. காய்ந்த வெங்காயத் தோலை விரலால் நொறுக்கினால் ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது நன்றாகவே கேட்டது.

நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒன்பது வருடம் பெண்களுக்குப் பிளவுஸ் தைத்தவன். எண்பதுகளின் பின்பாதியில் அகதியாகச் சுவிஸ் வந்து, நொஷாட்டல் என்ற ஊரில் நாடக உடுப்புகள் தைக்கும் ஒரு சிறிய தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதலாளி மதாம் ரொசியே. அறுபது வயது, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. இஸ்திரி மேசைக்குப் பொறுப்பு குல்தென் என்ற துருக்கிப் பெண். பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் மூவருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. என்னுடையது அப்போது நொண்டிப் பிரெஞ்சு. ஆகவே அவர்கள் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

1. அளவுச் சட்டை

பிரெஞ்சுப் பெண்களின் உடையில் துருக்கியின் செல்வாக்கு பற்றி ஒரு கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்காக ஒரு பழைய குடும்பம் தன் கவுனை இரவல் கொடுத்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முந்திய கவுன். அந்தக் காலத்தில் பாரிஸ் சீமாட்டிகளுக்குத் துருக்கிப் பைத்தியம் பிடித்திருந்ததாம். முன்பக்கம் திறந்த நீள அங்கி, வெளியே குட்டைக் கை, உள்ளே வேறு நிறத்தில் நீளக் கை, இடுப்பில் கச்சை, தலையில் இறகு செருகிய தலைப்பாகை. துருக்கிக் கவுன் என்றே அதற்குப் பெயர். பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்க அதே மாதிரி இன்னொன்று தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

குல்தென் அக்கா அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"இதிலை என்ன துருக்கி இருக்கு? உள்ளுக்கை திமிங்கில எலும்பு வைச்ச இறுக்குச் சட்டை. அதுக்கு மேலை இது. மூச்சு விடேலாது. எங்கடை உடுப்பிலை ஓடலாம், குந்தலாம், பிள்ளைக்குப் பாலும் குடுக்கலாம்."

மதாம் கவுனை மேசையில் விரித்துவிட்டு, "முதலிலை அளவை எடும், கவனம்," என்றார். தொலைபேசி அடித்தது. உள்ளே போய்விட்டார்.

ஊரில் நாங்கள் பெண்களை டேப் வைத்து அளப்பதில்லை. பொருத்தமான பழைய பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள். அதுதான் அளவுச் சட்டை. கைக்கு வந்ததும் முதல் வேலை, அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவது. தையல் எங்கே ஓடுகிறது, எவ்வளவு துணி மடித்து விட்டிருக்கிறது என்பதெல்லாம் உள்ளேதான் தெரியும். ஒன்பது வருடம் இதையே செய்த கை என்னைக் கேட்டுக்கொண்டா செய்யும்? சீமாட்டியின் கவுனையும் புரட்டியது. இடது அக்குளில் லைனிங், அதாவது உள்பக்கம் வைத்துத் தைத்த பட்டு, இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்தது.

மதாம் இன்னும் தொலைபேசியில்தான் இருந்தார். அதே நிறத்தில் பட்டு நூல் தேடி எடுத்து, பதினொரு தையல் போட்டேன். பெருமையாகவே சொல்கிறேன், அருமையான தையல். நிமிர்ந்தால், இஸ்திரிப்பெட்டியைக் கையில் பிடித்தபடி குல்தென் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நான் சொல்லமாட்டன்," என்றார். "நீயே சொல்லு."

2. வாயைத் திறக்காதை

அடுத்த மாதம் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். முதலாளியின் கடிதம் இல்லாமல் வெளிநாட்டவர் அலுவலகத்தின் படியேற முடியாது. வேலை இல்லாமல் அகதி முகாமில் கூரையைப் பார்த்துக் கிடந்த ஏழு மாதம் எனக்குப் போதும் போதும் என்றிருந்தது.

என்னோடு அறையில் இருந்தவர் சிவம் அண்ணை. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுபவர். அன்று பின்னேரம் நடந்ததை அவரிடம் சொன்னேன். பருப்பைக் கிளறிக்கொண்டே விசாரித்தார்.

"ஆராவது கண்டவையோ?"

"ஓம் அண்ணை. இஸ்திரிக்கார அக்கா கண்டவ. சொல்லமாட்டன் எண்டு சொன்னவ."

"பிறகென்ன? வாயைத் திறக்காதை. உன்ரை தையலை மதாமாலை கண்டுபிடிக்கேலுமோ?"

"ஏலாது."

"அப்ப பேசாமல் சாப்பிடு."

சாப்பிட்டேன். ஆனால் "ஏலாது" என்று நானே சொன்னது உறுத்தியது. நாளைக்கு இந்தக் கவுனை ஆராய வருகிறவர்கள் என் பதினொரு தையலையும் பாரிஸ் தையற்காரி போட்டதென்று எழுதிவைப்பார்கள். ஊரில் ஒரு பிளவுசைப் பிழையாக வெட்டினால் மன்னிப்புக் கேட்டு வேறொன்று தைத்துக் கொடுக்கலாம். இந்தக் கவுனுக்கு வேறொன்று இல்லை. பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

3. பதினொரு தையல்

காலையில் மதாம் கோட்டைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டேன். பஸ்ஸில் நாலு தரம் பாடமாக்கிய வசனம்.

"புரட்டினீரோ? இதையோ?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்குளைத் தேடினார். இரண்டு தரம் தேடியும் அகப்படவில்லை. நான்தான் விரல் வைத்துக் காட்டினேன்.

"கிழிஞ்சது கிழிஞ்சதுதான். ஆரைக் கேட்டுத் தைச்சனீர்? எழுத்திலை எச்சரிக்கை வரும். இப்ப அந்தத் தையலைப் பிரியும், என்ரை கண்ணுக்கு முன்னாலை."

கையுறை போட்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வெட்டினேன். பதினோராவதும் கழன்றபோது லைனிங் வாய் திறந்தது. உள்ளே வெளிப்பட்டின் மறுபக்கம் தெரிந்தது. அதில் சரிவாக ஓடிய ஒரு தையல். பக்கத்தில் வரிசையாக ஊசி ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் நூல் இல்லை.

பெரியவர்களின் சட்டையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுத்தவன் நான். அந்த ஓட்டைகளை எனக்குத் தெரியும்.

"மதாம், இது முந்தி வேறை உடுப்பாய் இருந்திருக்கு. பிரிச்சுத் தைச்சிருக்கினம்."

மதாம் விளக்கைக் கிட்ட இழுத்தார். யாரும் கூப்பிடாமலே குல்தென் அக்கா வந்து குனிந்தார். அந்தச் சரிவுத் தையலின் மேல் விரலைத் தொடாமல் ஓட்டிப் பார்த்தார்.

"இது எங்கடை வெட்டு," என்றார். "அம்மா ஊரிலை, பூர்சா நகரத்திலை, கலியாண உடுப்புத் தைச்சவ. நாங்கள் துணியை வளைச்சு வெட்டமாட்டம். நேர்த் துண்டு, பக்கத்திலை முக்கோணத் துண்டு. துணியும் வீணாகாது, நடக்க விரிஞ்சும் குடுக்கும். இது அந்த முக்கோணத்தின்ரை நுனி."

உண்மைதான். யாரோ துருக்கியிலிருந்து கொண்டுவந்த அங்கியைப் பாரிஸ்காரி பிரித்து, முதுகை வளைத்து வெட்டி, ஒரு சீமாட்டியின் இடுப்புக்கு இறுக்கியிருக்கிறாள். முக்கோணத்தின் நுனி மட்டும் அக்குளுக்குக் கீழே தப்பியிருந்தது.

மதாம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "துருக்கியைப் பாத்துத் தைச்சது எண்டுதான் எல்லாரும் எழுதினவை," என்றார். "இது துருக்கியையே வெட்டித் தைச்சது." பிறகு கண்காட்சிக்காரரை அழைத்தார். நிபுணர்கள் இருவர் வந்து பார்த்து ஆமோதித்தார்கள்.

கிழிந்த இடத்தை அவர்கள் தைக்க விடவில்லை. கண்காட்சியில் கவுனின் கையைச் சற்றுத் தூக்கி, கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்து, அந்த நுனி தெரியும்படி செய்தார்கள். குறிப்பு அட்டையில், வெட்டை அடையாளம் கண்டவர் என்று குல்தென் அக்காவின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அது நியாயம்தான்.

எனக்கு வந்தது எச்சரிக்கைக் கடிதம், ஒரு முழுப் பக்கம். இன்னும் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பழகிய கையை நம்பலாம், ஆனால் அந்நிய மேசையில் அதைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். பிழை நடந்தால் ஊசியை எடுக்குமுன் ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்த மாதம் அனுமதிக்கான கடிதத்தை மதாம் ஒட்டாத உறையில் நீட்டினார். எனக்கு வாசிக்கத் துணிவில்லை, போதிய பிரெஞ்சும் இல்லை. இஸ்திரி மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குல்தென் அக்கா மெதுவாக வாசித்துச் சொன்னார்.

"கெட்டிக்காரத் தொழிலாளி. ஒருமுறை என்னைக் கேட்காமல் ஓர் உடுப்பைப் புரட்டினார். நான் கேட்காமலே வந்து சொன்னார். இவர் எனக்கு வேண்டும்."

அந்த மேசையிலேயே முகத்தைக் கவிழ்த்து அழுதேன். குல்தென் அக்கா சூடான இஸ்திரிப்பெட்டியை என் தலைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தார்.