ஏழு பேருக்கு ஒரு கிளாஸ்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கிளீனிங் கொன்ராக்ட் எடுத்து நடத்தியவன் நான். மோர்னிங்சைட்டில் சொந்த வீடு. கோட்டுப் போட்ட மனேஜர்மார் எழுந்து நின்று எனக்குக் கைகொடுப்பார்கள். எந்த மேசையிலும் எனக்குப் பயம் வந்ததில்லை, யூனியன்வில்லில் அந்த ஒரு மேசையைத் தவிர.

மகள் ஒரு ஸ்பானியப் பெடியனை விரும்பினாள். எனக்குச் சம்மதம், மனைவிக்கு இல்லை.

"அம்மா ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன். வேற ஆரையும் கட்டவும் மாட்டன்," என்றுவிட்டாள் மகள்.

மனைவி கொஞ்சம் இறங்கி வந்தாள். "போய்ப் பாப்பம். சரிவராட்டி எழும்பி வந்திடுவன்."

பெடியனின் தாத்தாவுக்கு ஸ்பெயினில் பரம்பரைத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கேயே பிழிந்து, மரப்பீப்பாயில் கிடக்கவிட்டு, போத்தலில் அடைத்த சிவப்பு வைன். பேரன் பிறந்த வருஷத்துப் போத்தல் ஒன்றை நாங்கள் வரும் அன்றைக்கு உடைக்கவென்றே வைத்திருந்தார். வேண்டாமென்றால் அவர்களுக்கு மனம் நோகும் என்று மகள் கெஞ்சியதில், மருந்துபோல் ஒரு சொட்டுக் குடிக்க மனைவி ஒத்துக்கொண்டிருந்தாள்.

யூனியன்வில்லில் பெடியன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிழவர் போத்தலைக் குலுங்காமல் சரித்து ஊற்றினார். ஊற்றியது ஒரே கிளாசில். மேசையில் வேறு கிளாஸ் இல்லை. மகளின் முகம் மாறியது.

"எல்லாரும் இதிலைதான் குடிக்கிறதாம் அம்மா. அவையின்ரை குடும்ப வழக்கமாம். எனக்குத் தெரியாது, சத்தியமா."

என் மனைவி, பெற்ற பிள்ளை குடித்த கோப்பையில்கூட வாய் வைக்காதவள்.

கிழவர் குடித்தார். பெடியனின் தகப்பன் குடித்தார். தாய் குடித்தபோது உதட்டுச்சாயம் விளிம்பில் ஒட்டியது. பிறகு பெடியன், மகள். கிளாஸ் என் கைக்கு வந்தது.

"என்னட்டைத் தராதேங்கோ. அங்காலை குடுங்கோ," என்றாள் மனைவி மெதுவாக.

"அங்காலை ஆரும் இல்லையப்பா. நீர்தான் கடைசி."

நான் குடித்தேன். முதலில் பாக்குக் கடித்ததுபோல் நாக்கைச் சுருக்கியது. பிறகு திராட்சை வற்றல், புகையிலை, கனகாலம் பூட்டியிருந்த மர அலுமாரியின் வாசம். விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது. நான் எதையும் ருசித்துச் சொல்லத் தெரிந்தவன். அன்று அதற்குமேல் ருசிக்க முடியவில்லை. பக்கத்தில் மனைவி கைப்பையை எடுத்து மடியில் வைத்துவிட்டாள்.

"உம்மடை பங்கையும் நானே குடிச்சுவிடட்டோ?"

"அவை பாக்கினம். பேசாமல் இருங்கோ."

கிளாசை என் கையிலிருந்து வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய் படாத இடம் விளிம்பில் இல்லை. சட்டென்று தலையை அண்ணாந்து, கிளாசை ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சரித்தாள். சிவப்பு நூல்போல் இறங்கியது. கீழே வெள்ளை மேசைவிரிப்பு, சந்தன நிறப் பட்டுச்சேலை. ஒரு துளி சிந்தவில்லை.

பெடியனின் தாய் புருஷனைப் பார்த்தாள். தங்கள் வாய் பட்டதை அருவருத்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். அது உண்மையும்தான். எல்லாம் முடிந்தது என்று நான் எழும்பத் தயாரானேன்.

கிழவர் மேசையில் ஓங்கித் தட்டினார். அவர் பாஷையில் ஏதோ சொல்ல, பெடியன் இங்கிலீசில் சொல்ல, மகள் எங்களுக்குச் சொன்னாள்.

"தோட்டத்திலை பழம் புடுங்கிற ஆக்கள் இப்பிடித்தான் குடிக்கிறவையாம். மூக்குவைச்ச கண்ணாடிப் பாத்திரத்தாலை, வாய் படாமல். கனடா வந்தாப் பிறகு இப்பத்தான் பாக்கிறாராம்."

கிழவர் கிளாசில் இன்னும் கொஞ்சம் ஊற்றி, தானும் அண்ணாந்தார். அரைவாசி அவர் சட்டையில் போனது. மனைவி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"விழுங்கி விழுங்கி ஊத்தச் சொல்லு பிள்ளை. உந்த மனிசனுக்கு ஒண்டும் தெரியேல்லை."

மகள் சொன்னாள். கிழவர் மறுபடி ஊற்றிக்கொண்டார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டை சாப்பிட வரச் சொல்லு," என்றாள் மனைவி. "ஆளுக்கொரு கிளாஸ் வைப்பன் எண்டும் சொல்லு."

மகள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டாள். நான்தான் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் படிக்காத என் இங்கிலீசில். எல்லோருக்கும் விளங்கியது.