முகத்தைக் காட்டச் சொன்ன அம்மா

கொரோனா ரெண்டாவது அலை அடிச்ச நேரம். ராஜபாளையம் பக்கத்துல ஒரு சுகாதார நிலையத்துல நான் நர்ஸ். எங்க பொறுப்புல நாலஞ்சு கிராமமும் ஒரு இலங்கைத் தமிழர் முகாமும் இருந்துச்சு. கிராமத்துக்குள்ள போனாலே எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திரும். "ஏட்டி, மாஸ்க்கைத் தாடையில மாட்டிக்கிட்டு யாருக்குக் காட்டுத?"ன்னு கத்துவேன். "போங்க சிஸ்டர், நமக்கெல்லாம் வராது"ம்பாக. ஒரு வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு உள்ள கல்யாணப் பந்தி நடக்கு. சத்தம் போடப் போன எனக்கும் ஒரு இலை போடச் சொன்னாக!

முகாம்ல அந்தப் பேச்சே கிடையாது. வாசலுக்கு வாசல் சோப்பும் தண்ணியும் இருக்கும். குழாயடியில தள்ளித் தள்ளி நிப்பாக. நான் ஆச்சரியப்பட்டா, "ஊரடங்கு எங்களுக்குப் புதுசே மிஸ்?"ன்னு சிரிப்பாக. நர்ஸை அவிய மிஸ்னுதான் கூப்பிடுவாக. அதனால அங்க ஒரு பெயிண்டர் தம்பிக்குப் பாசிட்டிவ்னு வந்தப்ப, சொன்னதும் வண்டியில ஏறிருவான், சோலி முடிஞ்சிரும்னு நெனச்சேன்.

அந்த வீட்டுல அவனும் அவன் அம்மாவும் மட்டும்தான். அவனுக்கு மூச்சு வாங்குது, ஆக்சிஜன் இறங்கிக்கிட்டே போகுது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்துச்சு. டிரைவர் அண்ணனும் உதவியாளரும் தலையில இருந்து கால் வரைக்கும் கவச உடையில இருந்தாக. நானும் அதே கோலம்தான்.

அவன் அம்மா வண்டிக்கு முன்னால வந்து நின்னுட்டாக. "முகத்தைக் காட்டுங்கோ. பிறகு ஏத்துங்கோ."

எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. "என்னம்மா, வெளையாடுதீகளா? மகன் மூச்சுக்குத் தவிக்கான். இதைக் கழட்டுனா எங்களுக்கும் ஒட்டிக்கிரும்லா?"

அவிய நகரல. சத்தமும் போடல. "மூத்தவனையும் சண்டை நேரம் இப்பிடித்தான் மிஸ், முகத்தை மூடிக்கொண்டு வந்தவை வெள்ளை வண்டியில ஏத்திக்கொண்டு போனவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. அவன் வரேல்லை."

வண்டியும் வெள்ளை, எங்க முகமும் தெரியல. போதாததுக்கு, "பாத்துட்டு அனுப்பிருவோம்"னு கொஞ்சம் முன்னாடிதான் நானும் சொல்லியிருந்தேன்.

டிரைவர் அண்ணன்தான் முதல்ல நகர்ந்தாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போய் நின்னு மாஸ்க்கைக் கழட்டுனாரு. பொறவு உதவியாளர். பொறவு நான். வெயில்ல முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. அந்த அம்மா ஒவ்வொரு முகமா நிதானமாப் பாத்தாக. என்னைத்தான் ரொம்ப நேரம் பாத்தாக. அதுக்கப்புறம் மகன் பக்கம் திரும்பி, "ஏறடா"ன்னாக.

அன்னையில இருந்து காலையில எந்திரிச்சதும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போடுறதுதான் எனக்கு முதல் வேலை. "ஏன்க்கா, ஒங்களுக்குச் சொந்தமா?"ன்னு அங்க இருந்த நர்ஸ் கேலி பண்ணுனா. ஒரு நாள் அவளே, "இன்னைக்கு ரொம்ப மோசம்க்கா"ன்னா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. முகாம் பக்கம் போகவே பயமா இருந்துச்சு. அந்த அம்மா விடுவாகளா? தினமும் கேக்குத மாதிரியே அன்னைக்கும் "என்ர பிள்ளை எப்பிடி மிஸ்?"னு போன்ல கேட்டாக. உள்ளதைச் சொன்னேன். "சரி மிஸ். பின்னேரம் திரும்பக் கேக்கிறன்"னு வச்சிட்டாக.

பொழச்சுட்டான். அதே வண்டியில நானே கூட்டிட்டு வந்து விட்டேன். அந்த அம்மா அவன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாக. நானும்தான் அழுதேன், மாஸ்க்கெல்லாம் நனைஞ்சு போச்சு. அழுது முடிச்சதும் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து திண்டுல வச்சிட்டுத் தள்ளி நின்னாக.

"மூத்தவனை ஏத்தினவையின்ர முகத்தை நான் காணேல்லை மிஸ்"னாக. "கண்டிருந்தா, உங்களைக் கேட்ட மாதிரி அவையையும் ஒவ்வொரு நாளும் கேட்டிருப்பன்."