ஒரு சேரும் ஒருசேரவும்

மூன்றாம் வகுப்பில் தமிழ் மிஸ் ‘ஒருசேர’ என்றால் என்ன என்று கேட்டபோது நான் ஒருத்திதான் கை தூக்கினேன். “எங்க வீட்ல இருக்கு மிஸ். ஒரு சேரு” என்றேன். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் மிஸ் பலகையில் எழுதினார்: ‘அழுகையும் சிரிப்பும் ஒருசேர வந்தன.’ ஒரே சமயத்தில் சேர்ந்து நடப்பதாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அழுதால் அழுகை, சிரித்தால் சிரிப்பு. இரண்டும் எப்படி ஒன்றாக வரும்?

எங்கள் வீட்டில் எதுவும் ஒருசேர நடந்ததில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வல்லம் வடகாலில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். என்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே. காலையில் அப்பா வந்து இறங்கும் கம்பெனி பஸ்ஸில் அம்மா ஏறுவாள். படிக்கட்டில் நானும் வீட்டுச் சாவியும் கை மாறுவோம். அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்தப் படிக்கட்டில்தான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட நாட்களில் ஜன்னலுக்கு நீலப் போர்வையைக் கட்டிவிட்டு அப்பா பகலெல்லாம் தூங்குவார். போர்வை வழியே வரும் வெயிலில் வீடே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருக்கும். எங்களிடமிருந்த ஒரே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் நாளை நினைத்துக்கொண்டே இருப்பேன். எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை.

ஒரு லீவு நாளில் அது நடந்தது. காலையில் பஸ் வரவில்லை. அம்மா என்னை வீட்டுக்கார அத்தையிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள். பனி விலகுவதற்குள் தெருமுனையில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி கேட்டைப் பூட்டிவிட்டார்கள், கம்பெனி இனிமேல் இல்லை என்று அப்பா அத்தையிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. பூட்டினால் திறப்பார்கள் என்பதோடு என் அறிவு நின்றுவிட்டது.

அம்மா சேரில் உட்கார்ந்தாள், அப்பா தரையில். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் சேர் கேட்டேன்.

“இன்னாத்துக்குடி சேரு?”

“அப்பாவும் அம்மாவும் ஒருசேர உக்காரணும் அத்தே.”

அத்தை என்னையே பார்த்தாள். “எட்த்துகினு போ கண்ணு. திருப்பித் தர வேணாம், அங்கியே கெடக்கட்டும்” என்றாள். ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகப் பிடித்தாலே முகம் சுளிப்பவள் அவள். இன்று என்ன இப்படி என்று ஆச்சரியப்பட்டேன்.

சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் போட்டேன். அப்பா எழுந்து அதில் உட்கார்ந்தார். நடுவில் நின்று இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டேன். “நாளைக்கும் ரெண்டு பேரும் வீட்லயே இருக்கணும். டெய்லி இருக்கணும்.”

அப்பா சுவரைப் பார்த்தார். “நீ சொன்னா சரிதாம்ட்டி” என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிஸ் பலகையில் எழுதியது பொய்யில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் ஆசை நிறைவேறியதில் அம்மாவுக்கும் அத்தனை மகிழ்ச்சி என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.