இரண்டு முன்பற்களுக்காகச் சுங்கைப் பட்டாணிக்கு ஒன்பது முறை

முந்தின ஆண்டு ஒரு ஞாயிறு, திருப்பலியில் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தேன். ‘சகோதரரே’ என்றதும் என் பல்செட் கழன்று புத்தகத்தின் மேல் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அதைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு, காற்று போகிற வாயோடு கடைசி வரிவரை வாசித்தேன். மறுநாளே சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் கிளினிக்கில் நேரம் கேட்டேன்.

நான் மலேசியாவில், கூலிமில் தொழிற்சாலை வேலை செய்கிறவள். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஒரு விபத்தில் போயின.

முதல் பயணம்: காலை 8.10க்கு வாடகைக் கார், 35 கிலோமீட்டர், 50 நிமிடம், 45 வெள்ளி (ரிங்கிட்). ஸ்கேனுக்கு 280 வெள்ளி. படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், நாற்பது வயதுப் பெண், ஒளிக்காமல் சொன்னார்.

“எலும்பு தேஞ்சிருக்குக்கா. எலும்புத் தூள் வெச்சுத்தான் திருகு பதிக்கணும், அதுமேல பல்லு. ஆறு மாசம் ஆகும். பிடிக்காமலும் போகலாம். இல்லேன்னா பக்கத்துப் பல்லைப் பிடிச்சுப் பாலம் மாதிரி கட்டலாம், மூணே வாரம். ஆனா பக்கத்துப் பல்லு ரெண்டையும் ராவணும்.”

“போனது ரெண்டு போதும் டாக்டர். நல்லா இருக்கிறதுல கை வைக்க வேணாம்.”

மொத்தம் 13,500 வெள்ளி. திரும்பும்போது கார்க்கார அண்ணன் கேட்டுவிட்டு வாய்பிளந்தார். “அந்தக் காசுக்கு நல்ல மோட்டார் வாங்கலாம்லா!”

“மோட்டார்ல போய்த்தான்ணே பல்லே போச்சு.”

அப்புறம் பெடோங் வரும்வரை அவர் மெதுவாகவே ஓட்டினார். (ஆமாம், பெடோங் கூலிமுக்கு எதிர்த்திசைதான்; அந்தப் பக்கம் சுங்கை லாலாங்கில் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.)

திருகு பதிக்க ஒன்றரை மணி நேரம். வலி இல்லை, சத்தம்தான். நான்கு நாள் முகம் வீங்கிக் கிடந்தது; கஞ்சிதான் சாப்பாடு.

மூன்றாம் மாதம் இடப்பக்கத் திருகு ஆடியது. கழற்றிவிட்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு உள்ளே திரும்பிப் போனேன்.

“இப்பகூட பாலம் கட்டிரலாம்க்கா,” என்றார் டாக்டர்.

“புண்ணு ஆறட்டும். மறுபடி பதிங்க.”

ஆக, ஆறு மாதம் பதினான்கு மாதமானது. இரண்டாம் முறை பதித்தது பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் பயணத்தில் பற்களைப் பொருத்தினார்கள். கண்ணாடி தருவதற்குள் நாக்கு தானாகப் போய்த் தொட்டுப் பார்த்தது. அசையவில்லை.

போகிறவர்களுக்கு: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அப்புறம் வாய் மரத்துவிடும். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். பிடிக்காவிட்டால் மறுசெலவு யாருடையது என்று முதல்நாளே எழுதி வாங்குங்கள்; நான் வாங்கியிருந்தேன். பதினான்கு மாதம் அதிகமில்லையா என்கிறார்கள். பல் இல்லாமலும் அந்த மாதங்கள் போயிருக்கும்.