கண்ணாடி பாட்டிலில் கசிந்த கால்சியம்

என் அக்கா இருபத்தாறு வருஷம் எலிகளின் இதயத்தோடு குடித்தனம் நடத்தினாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து ஆய்வகத்துக்குப் போய்விடுவாள். அவளிடம் பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அவள் வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் செல்லுக்குள் கால்சியம் பாயும். சுருங்கு என்ற கட்டளையே அதுதான். துடித்து முடித்ததும் அதைத் திரும்ப அதன் அறைக்குள் அடைத்துவிட வேண்டும். நோயுள்ள இதயத்தில் அந்த அறை ஒழுகும். எலியின் இதயச் செல்களை ஊறவைக்கும் கரைசலில் அக்கா ஒரு மருந்தைக் கலந்தாள், ஒழுகல் குறைந்தது. மைக்ரோஸ்கோப்பில் தன் கண்ணாலேயே பார்த்தாள். கட்டுரை வந்தது, பரிசு வந்தது, அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தம்பிக்கு இதயத் தசை தளர்ந்துபோன நோய். மாற்று இதயத்துக்குப் பேர் கொடுக்கச் சொன்னார் டாக்டர். நெஞ்சைப் பிளப்பார்கள் என்றதுமே அவன் வெலவெலத்துப் போனான். இன்னும் நாலு வருஷம் தாக்குப்பிடி, என் மருந்து வந்துவிடும் என்றாள் அக்கா. அவன் பேர் கொடுக்கவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன், யார் கேட்டார்கள்? ஆறு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, சிறுநீரகமும் கெட்டுவிட்டது, இனி ஆபரேஷனை உடம்பு தாங்காது என்றார். தம்பியிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. மருந்துதான் இருக்கிறதே என்று அக்கா அவ்வளவு நம்பினாள்.

அந்த வாரமே ஆய்வகத்தில் கண்ணாடி பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மருந்து கலந்த கரைசலை எப்போதும் பிளாஸ்டிக்கில்தான் வைப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய மருந்தில்லாத கரைசல் கண்ணாடியில் இருக்கும். இந்த முறை இரண்டையுமே பிளாஸ்டிக்கில் வைத்தார்கள். இரண்டிலும் செல்கள் ஒரே அளவுதான் ஒழுகின. கண்ணாடியிலிருந்து துளித்துளியாகக் கால்சியம் கரைசலில் இறங்கி, மருந்தில்லாத செல்களை இத்தனை காலமும் கூடுதலாக ஒழுக வைத்திருக்கிறது. மருந்து எதையும் குறைக்கவே இல்லை. மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவளே எழுதிப் போட்டாள்.

தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கேட்கிற ஜென்மமா அது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் கட்டில் ஓரம் உட்கார்ந்து பாட்டில் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அவன் மூன்று தலையணையில் சாய்ந்தபடி கேட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கேவலம் ஒரு பாட்டிலிடமா ஏமாந்தாய் என்று கேலி செய்து, அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"விடுக்கா. பயமாத்தான் இருக்கு, பரவாயில்ல. ஆபரேஷனே பண்ணிக்கறேன். நாளைக்கே என் பேரைக் கொடுத்துடு."

அக்கா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்கு நேரம் தாண்டிப் போச்சுடா. உடம்பு தாங்காதாம். போன மாசமே சொல்லிட்டாங்க."

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அக்கா எதைச் சொன்னாலும் இல்லையென்று சண்டைக்கு நிற்கிறவள் நான். இதையும் இல்லையென்று சொல்வேன் என்று காத்திருந்தான். நான் அவன் தலையணையைச் சரிசெய்யப் போனேன்.